‘மர்மக் காய்ச்சல்’னு எழுதுறதை நிறுத்துவோமா? ‘மூளைக்காய்ச்சல்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் பல நோய்கள்

கேரளாவில் நிபா என்று ஒரு செய்தி வந்தால் போதும். அரை மணி நேரத்தில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பத்து ஃபார்வேர்டு விழுந்துவிடும். ‘பழம் எதுவும் சாப்பிடாதீங்க’ என்று ஒன்று வரும். சப்பட்டை மாம்பழத்துக்குப் பேர்போன ராஜபாளையத்தில் இதை யார் கேட்கப்போகிறார்கள் என்பது வேறு விஷயம். அடுத்தது, ‘மூளையைத் தின்னும் அமீபா, எல்லாருக்கும் பகிரவும்’. எல்லாரும் பகிர்வார்கள்.

அதே குரூப்பில் ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு மெசேஜ் வந்தது. ‘அம்மாவுக்கு நேத்துல இருந்து காய்ச்சல். கொஞ்சம் மாத்தி மாத்திப் பேசுறாங்க. டென்ஷன் போல.’ போட்டது என் அத்தை மகன். அதுக்கு யாரும் பதறவில்லை. ரெண்டு பேர் ‘டேக் கேர்’ போட்டார்கள். நான் ஒரு தம்ஸ்-அப் வைத்தேன். செய்தி எழுதிச் சம்பளம் வாங்குகிற ஆள் நான்.

வெள்ளிக்கிழமை காய்ச்சல். சனிக்கிழமை, கேஸ் சிலிண்டரைக் காட்டி ‘அந்தக் குடையை மூடு’ என்றார்களாம் அத்தை. எப்போதோ இறந்துபோன பாட்டி சாப்பிட்டாச்சா என்று ரெண்டு தடவை கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டில், ‘எதுக்கும் ஒருதடவை மந்திரிச்சுட்டு வாங்க’ என்று யோசனை சொன்னார்கள். திங்கள் விடியற்காலை வலிப்பு. 108-ல் ஏற்றி மதுரைக்குப் போனார்கள்.

உண்மையில் வெள்ளிக்கிழமையோ சனிக்கிழமையோ போயிருக்க வேண்டும். காய்ச்சலோடு சேர்ந்து ஒருத்தர் பேச்சு மாறுகிறது, ஆளை அடையாளம் தெரியவில்லை, சம்பந்தமில்லாமல் கோபப்படுகிறார், தட்டி எழுப்பினாலும் தூங்கித் தூங்கி விழுகிறார், அல்லது முதல்முறையாக வலிப்பு வருகிறது என்றால் அது டென்ஷன் இல்லை. மருத்துவத்துறை இதை ஏஇஎஸ் என்று குறிக்கிறது. கடுமையான மூளை அழற்சிக்கான அறிகுறித் தொகுப்பு. கவனியுங்கள், இது நோயின் பெயர் அல்ல. ‘இந்த ஆளுக்கு மூளையில் ஏதோ நடக்குது, என்னன்னு கண்டுபிடிங்க’ என்று சொல்கிற ஒரு அலாரம், அவ்வளவுதான்.

நம்ம ஊரில் அந்த அலாரத்தையே நோயாக்கி, ‘மூளைக்காய்ச்சல்’ என்று பெயர் வைத்துவிட்டோம். மூளையே வீங்குகிற மூளை அழற்சிக்கும் அதே பெயர், மூளையைச் சுற்றியுள்ள உறை வீங்குகிற மூளை உறை அழற்சிக்கும் அதே பெயர். வைரஸ், பாக்டீரியா, அமீபா எது வந்தாலும் இந்த ஒரே சொல். சொல் ஒன்றாக இருந்தாலும் மருந்து ஒன்றல்ல. சிலவற்றுக்கு மருந்தே இல்லை, தடுப்பூசி மட்டும்தான். சிலவற்றுக்குத் தடுப்பூசி இல்லை, ஆனால் ஊரெல்லாம் கிடைக்கிற மருந்து இருக்கிறது. பெயர் தெரிவதற்குள் கடக்கிற ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் இருந்து கழிகிறது.

அத்தைக்கு வந்தது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ். சிலருக்கு உதட்டோரத்தில் காய்ச்சல் கொப்புளம் வரும் இல்லையா, அதே வைரஸ். நம்மில் ஏராளமானவர்கள் உடம்பில் சத்தமில்லாமல் வாழ்நாள் முழுக்கக் குடியிருக்கும். மிக அரிதாக, லட்சக்கணக்கானவர்களில் ஒருவருக்கு, மூளைக்குள் போய்விடும். போனால் காதுக்குப் பின்புறமாக இருக்கிற பகுதியைத்தான் அதிகம் தாக்கும். ஞாபகமும் பேச்சும் உணர்ச்சியும் அங்கேதான் இருக்கின்றன. அதனால்தான் இந்த நோயாளியைப் பார்த்தால் ‘புத்தி பேதலிச்சிருச்சு’, ‘ஏதோ பிடிச்சிருக்கு’ என்று தோன்றும். சிகிச்சை இல்லாவிட்டால் பத்தில் ஏழு பேர் இறந்துவிடுவார்கள். ஏசைக்ளோவிர் என்ற மருந்தை ரத்தக்குழாய் வழியாகச் சீக்கிரம் தொடங்கினால் பெரும்பாலானவர்கள் பிழைக்கிறார்கள். அரிய மருந்தெல்லாம் இல்லை. அதனால்தான் சந்தேகம் வந்ததுமே, ரிசல்ட்டுக்குக் காத்திராமல் இதைத் தொடங்கச் சொல்கிறது மருத்துவ வழிகாட்டுதல்.

முதுகில் போடுகிற அந்த ஊசி

மதுரையில் டாக்டர் கேட்ட முதல் விஷயம், முதுகில் இருந்து தண்டுவட நீர் எடுக்க அனுமதி. மாமா முடியாது என்றார். ‘முதுகுல ஊசி போட்டா காலு விளங்காமப் போயிரும்னு சொல்றாங்களே டாக்டர்.’ இதைச் சொல்லாத குடும்பம் தமிழ்நாட்டில் இருக்குமா என்று தெரியவில்லை. டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். தண்டுவடம் முதுகின் மேல்பாதி தாண்டி இடுப்புக்கு வருவதற்குள்ளேயே முடிந்துவிடுகிறது. ஊசி இறங்குவது அதற்கும் கீழே, நீரும் நரம்பு இழைகளும் மட்டும் மிதக்கிற இடத்தில். பிரசவத்தில் சிசேரியனுக்கு மரத்துப்போக ஊசி போடுகிறார்களே, ஏறக்குறைய அதே இடம்தான். தலைவலி வரலாம், ரெண்டு நாள் முதுகு வலிக்கலாம். மூளையில் வீக்கம் ரொம்ப அதிகமாக இருந்தால், முதலில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் போடுவார்கள்.

மாமா மறுநாள்தான் சம்மதித்தார். நல்லவேளை, டாக்டர் அதற்குள் ஏசைக்ளோவிரைத் தொடங்கியிருந்தார்.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். அந்த ஊசிக்கு ‘சரி’ என்று சொல்லுங்கள். வீட்டுப் பெரியவர் தயங்கினால், அந்த வராந்தாவில் நின்று எடுத்துச் சொல்ல வேண்டிய ஆள் நீங்கள்தான். கூகுள் பார்க்கத் தெரிந்த, ஆபீஸில் பத்துப் பேருக்கு பிரசன்டேஷன் கொடுக்கிற நீங்கள். அந்த நாலைந்து மில்லி நீரில்தான் நோயின் பெயர் இருக்கிறது.

பெயர் தப்பினால் என்ன ஆகும்?

1998-ல் மலேசியாவில் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைகளில் வேலை பார்த்தவர்களுக்குக் காய்ச்சல் வந்தது, நினைவு தப்பியது, இறந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு செய்தார்கள். அது கொசு பரப்புவது. அதனால் கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். இன்னொன்றும் இடித்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்குவது. இங்கே விழுந்தவர்கள் பன்றியோடு நேரடியாகப் புழங்கிய பெரியவர்கள். இதற்கிடையில் நோயுற்ற பன்றிகள் விற்கப்பட்டு அடுத்த மாநிலத்துக்கும் போய்விட்டன. 1999 மார்ச்சில் மலாயா பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் ஒரு புதிய வைரஸைக் கண்டுபிடித்தபோதுதான் உண்மை தெரிந்தது. அதுதான் நிபா. நோயாளி ஒருவர் வாழ்ந்த சுங்கை நிபா கிராமத்தின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. 265 பேருக்கு நோய், 105 பேர் மரணம். எந்தக் கொசுவுக்கும் அதில் பங்கில்லை.

2018-ல் கோழிக்கோட்டில் நடந்தது இதற்கு நேர்மாறு. ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து ஆட்கள் விழுந்ததும், ‘இது வழக்கமானது இல்லை’ என்று டாக்டர்கள் சந்தேகப்பட்டு உடனே மாதிரியை மணிப்பாலுக்கு அனுப்பினார்கள். புனே உறுதி செய்தது. தொடர்பில் இருந்தவர்களைத் தேடித்தேடித் தனிமைப்படுத்தினார்கள். அப்படியும் 17 உயிர்கள் போயின. பெயர் தெரிய மலேசியாவைப் போல மாதக்கணக்கில் ஆகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வடக்கே இன்னும் மோசம். 2005-ல் கோரக்பூரைச் சுற்றி ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அடுத்த ஆண்டே தடுப்பூசி இயக்கம் தொடங்கியது. தடுப்பூசி வேலையும் செய்தது. ஆனாலும் ஒவ்வொரு மழைக்காலமும் வார்டு நிரம்பியது. பல வருஷம் கழித்து முறையாகச் சோதித்தபோது, அந்தக் குழந்தைகளில் பாதிக்கும் மேல் ஸ்க்ரப் டைஃபஸ் என்று தெரிந்தது. அது வைரஸே இல்லை. புதர்களில் இருக்கிற சின்ன உண்ணி கடித்து வருகிற பாக்டீரியா. டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் என்று தெரு முனை மெடிக்கலில் கிடைக்கிற மருந்துக்கே அடங்கக்கூடியது.

பீகாரின் முசாஃபர்பூரில் வைரஸும் இல்லை, பாக்டீரியாவும் இல்லை. ராத்திரி சாப்பிடாமல் படுத்த, சத்துக் குறைந்த குழந்தைகள் பகலெல்லாம் லிச்சிப் பழம் தின்றிருந்தார்கள். அந்தப் பழத்தில் உள்ள ஒரு பொருளால் ரத்தச் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கி விடியற்காலையில் வலிப்பு வந்தது. ‘மூளைக்காய்ச்சல்’ என்றே பல வருஷம் சொல்லப்பட்ட இதில் லிச்சியைக் கைகாட்டியவர்களில் முக்கியமானவர் வேலூரைச் சேர்ந்த வைரஸ் நிபுணர் டி. ஜேக்கப் ஜான். ஒரு வைரஸ் நிபுணர் ‘இது வைரஸ் இல்லை’ என்று சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். அந்தக் குழந்தைகளுக்கு முதலில் தேவைப்பட்டது குளுக்கோஸ்.

நம்ம கண்மாய், நம்ம மலை, நம்ம நாய்

இப்போது ஊருக்கு வருவோம். கொல்லத்தில் இருந்து திருமங்கலம் போகிற தேசிய நெடுஞ்சாலை ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகத்தான் போகிறது. கேரளாவில் நிபா என்றால் அந்தச் சாலையில் புளியரை சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்திக் காய்ச்சல் பார்ப்பார்கள். பார்க்கட்டும், தேவைதான். ஆனால் எந்தச் சோதனைச் சாவடியையும் தாண்டாமல் ஏற்கெனவே உள்ளூரில் இருக்கிற ஆபத்துகளைப் பற்றி குரூப்பில் ஒரு ஃபார்வேர்டும் வருவதில்லை.

ஜப்பானிய மூளைக்காய்ச்சலையே எடுத்துக்கொள்வோம். பெயர்தான் ஜப்பான். இந்தியாவில் மனிதர்களிடம் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது 1955-ல், வேலூர்ப் பகுதியில். இந்த வைரஸ் குடியிருப்பது கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளிடம். பன்றி உடம்பில் பல மடங்கு பெருகும். அங்கிருந்து மனிதனுக்குக் கொண்டுவருவது வயல் கொசு. டெங்குக் கொசு வீட்டுக்குள்ளே, நல்ல தண்ணீரில் வளர்ந்து, பகலில் கடிக்கும். இது நெல் வயலில் தேங்கிய தண்ணீரில் வளர்ந்து, பொழுது சாய்ந்த பிறகு கடிக்கும். கண்மாய், அதன் கீழே நெல் வயல், வரப்பில் கொக்கு, ஊர் ஓரத்தில் பன்றி. மேற்கே மலை, கிழக்கே கண்மாய்கள் என்றிருக்கிற இந்த ரெண்டு ஊரையும் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

இந்த வைரஸ் தொற்றினாலும் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் தெரியாது. சுமார் 250 பேரில் ஒருவருக்குத்தான் மூளையைத் தாக்கும். தாக்கினால், 100-க்கு 30 பேர் வரை இறக்கலாம். பிழைப்பவர்களில் 30 முதல் 50 சதவீதம் பேருக்குக் கை கால் முடக்கம், வலிப்பு, கற்றல் குறைபாடு என்று ஏதோ ஒன்று நிரந்தரமாகத் தங்கிவிடும். இதற்கென்று மருந்து கிடையாது. தடுப்பூசிதான் இருக்கிறது. 9 மாதத்தில் ஒன்று, 16-லிருந்து 24 மாதத்துக்குள் ஒன்று, அரசு மையங்களில் இலவசம்.

இங்கேதான் ஒரு சிக்கல். ஜேஇ தடுப்பூசி எல்லா மாவட்டத்துக்கும் ஒரே மாதிரி கொண்டுவரப்பட்டதல்ல. நோய் இருக்கிற மாவட்டங்களாகப் பார்த்து அட்டவணையில் சேர்த்தார்கள். விருதுநகர் அதில் உண்டு. உங்கள் குழந்தை பிறந்து வளர்வது வேறு ஊரில் என்றால் அது விட்டுப்போயிருக்கலாம். வருஷம் முழுக்க பெங்களூரு அபார்ட்மென்ட்டில் இருந்துவிட்டு, வடகிழக்குப் பருவமழையில் வயலெல்லாம் தண்ணீர் நிற்கிற தீபாவளி, பொங்கல் சமயத்தில் குழந்தையைத் தாத்தா வீட்டுக்குக் கூட்டிவருகிறோம். எந்த நேரத்தில் வரக்கூடாதோ சரியாக அந்த நேரத்தில். வரக்கூடாது என்று சொல்லவில்லை, அட்டையைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்கிறேன்.

ஒரு சின்னக் கிளைக்கதை. மதுரையில் ஐசிஎம்ஆர் நடத்திய மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையம் பல வருஷம் இந்த வயல் கொசுவைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்தது. வேம்பு பூசிய யூரியா போட்டு, தண்ணீரையும் விட்டுவிட்டுப் பாய்ச்சினால் கொசுப்புழு குறைகிறது என்று 1990-களிலேயே காட்டினார்கள். விட்டுவிட்டுப் பாய்ச்சுவதற்கு நம் விவசாயிகள் வைத்திருக்கிற பெயர் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’. காய்ச்சலைத் தடுக்கக் காய்ச்சல்! வேம்பு பூசிய யூரியாவை 2015-ல் மத்திய அரசு கட்டாயமாக்கியது, ஆனால் வேறு காரணங்களுக்காக.

மலையோரம் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் போகிறவர்கள் ஸ்க்ரப் டைஃபஸை நினைவில் வைக்க வேண்டும். அக்குள், இடுப்பு மடிப்பு போன்ற மறைவான இடங்களில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் புண் இருந்தால் டாக்டரிடம் கூச்சப்படாமல் காட்டுங்கள். வலிக்காது என்பதால் பல பேருக்கு அது இருப்பதே தெரியாது.

கடைசியாக, ராஜபாளையம் என்றாலே ஞாபகம் வருகிற விஷயம். நாய். வெள்ளை வெளேர் என்ற நம்ம ஊர் நாயைக் குறை சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள். ஆனால் ரேபிஸும் ஒரு மூளை அழற்சிதான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். மூளைக்காய்ச்சல் வைரஸ்களிலேயே மிகக் கொடியது. அறிகுறி தொடங்கிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. 2024-ல் தமிழ்நாட்டில் பதிவான நாய்க்கடி சுமார் 4.8 லட்சம், ரேபிஸ் மரணம் 43. அந்த 43-ம் தடுத்திருக்கக்கூடியவை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

தடுப்பூசிக்குப் போகாதவர்களைக் கேட்டால் இன்னும், ‘தொப்புளைச் சுத்தி 14 ஊசி போடுவாங்க’ என்கிறார்கள். அந்தப் பயம் ஒன்றும் முட்டாள்தனம் இல்லை. குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் போன்ற இடங்களில் அந்தக் காலத்தில் ஆட்டு மூளைத் திசுவில் தயாரித்த தடுப்பூசி அது. சிலருக்கு அந்த ஊசியே மூளை அழற்சியை உண்டாக்கியது உண்மை. இந்தியாவில் அதை நிறுத்தி 20 வருஷம் ஆகிவிட்டது. இப்போது கையில், தோலுக்குள் சின்னதாகப் போடுகிறார்கள்: கடித்த அன்று, 3, 7, 28-ம் நாள். அதற்கு முன்னால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவ வேண்டும். ரத்தம் வந்த காயம் என்றால் இம்யூனோகுளோபுலினும் காயத்திலேயே போடச் சொல்லிக் கேளுங்கள். மஞ்சளும் மிளகாய்ப்பொடியும் சமையலறையிலேயே இருக்கட்டும்.

எங்கள் பங்கு

‘மர்மக் காய்ச்சலுக்குச் சிறுமி பலி.’ இந்தத் தலைப்பை நானே நாலைந்து முறை டைப் செய்திருக்கிறேன். நன்றாக ஓடும் தலைப்பு. ‘மர்மம்’ என்ற சொல்லுக்குக் கிளிக் விழும். ஆனால் அந்தச் சிறுமியின் ரத்த மாதிரி ஏதோ ஒரு லேபுக்குப் போயிருக்கும். நாலு நாளோ பத்து நாளோ கழித்து ரிசல்ட் வந்திருக்கும். அது என்ன என்று நான் ஒருமுறைகூடத் திரும்பப் போன் போட்டுக் கேட்டதில்லை. மர்மம் நோயில் இல்லை, நாங்கள் பாதியில் விட்ட செய்தியில் இருந்தது.

டெஸ்கில் இதைப் பேசினேன். தலைப்பில் ‘மர்மம்’ வேண்டாம், பரிசோதனை முடிவு வந்ததும் அதே செய்தியைப் புதுப்பிக்க வேண்டும் என்றேன். ‘அதை யாருப்பா படிப்பாங்க’ என்று ஒரு சீனியர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தத் தெருவில் இருக்கிற மற்ற குழந்தைகளின் அப்பா அம்மா படிப்பார்கள். கொசுவா, உண்ணியா, நாயா என்று தெரிந்தால்தானே அடுத்து என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியும்?

அரசிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. ஏஇஎஸ், ஜேஇ எண்ணிக்கையை மாநில வாரியாக மத்திய அரசு வெளியிடுகிறது. அதை வைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிற ஒரு தாய் என்ன செய்ய முடியும்? மாவட்டத்தில் இந்த மாதம் எத்தனை பேருக்கு ஏஇஎஸ், எத்தனை பேருக்குத் தண்டுவட நீர் சோதித்தார்கள், எதெல்லாம் காரணம் என்று தெரிந்தது, எத்தனைக்குத் தெரியவே இல்லை. நோயாளியின் பெயர் வேண்டாம், நோயின் பெயர் போதும். 2022-லிருந்து விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாதம் ஒரு பக்கம் வெளியிடுவது முடியாத காரியமில்லை.

அத்தை வீடு திரும்பிவிட்டார்கள். சமையல் எதுவும் மறக்கவில்லை, பேர்தான் தங்கவில்லை. என்னைப் பார்த்தால் என் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். நானும் ‘ம்’ என்று சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் குரூப்பில் நான் ஒரு மெசேஜ் போட்டேன்: ‘வீட்டுல குட்டீஸ் இருக்கறவங்க தடுப்பூசி அட்டையை போட்டோ எடுத்துப் போடுங்க, ஜேஇ ரெண்டு டோஸும் இருக்கான்னு பார்ப்போம்.’ அஞ்சு அட்டை வந்தது. ஒன்றில், 16-24 மாதத்துக்கான ஜேஇ கட்டம் காலி. ‘புதன்கிழமை கூட்டிட்டுப் போறோம்’ என்று பதில் வந்திருக்கிறது.